ரேக் சேமிப்பகங்களின் கேபிள் இணைப்பு வரலாறு

ரேக் எனப்படும் இரும்புச் சட்டத்தில் அடுக்கிப் பொருத்தப்படும் வட்டுப் பெட்டிகளைச் சர்வர்களுடனும் ஒன்றோடொன்றும் கேபிள்களால் இணைப்பதும், அந்தக் கேபிள்களை வரிசைப்படுத்திக் கட்டிப் பெயரிடுவதும் தரவு மையப் பணியின் அன்றாடப் பகுதிகள். ரேக்கின் பின்கதவைத் திறந்து பார்ப்பவருக்கு இது வெறும் நேர்த்தி பற்றிய விஷயமாகவே படும். ஆனால் எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில், எந்த வரிசையில் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே, ஒரு பழுது நேரும்போது எத்தனை வட்டுகள் கைக்கு எட்டாமல் போகும் என்பது அமைகிறது. சாதாரண வலையமைப்புக் கேபிள் கழன்றால் தொடர்பு அறும், மீண்டும் செருகினால் தொடரும். எழுதும் வேலை நடக்கும்போது சேமிப்பகக் கேபிள் கழன்றால், பாதி எழுதப்பட்ட தரவு எஞ்சக்கூடும். 1960களிலிருந்து இத்துறையில் நடந்த மாற்றங்களுக்கு வேகம் ஒரு காரணம் என்றால், இந்த இடரைக் குறைக்கும் முயற்சி மற்றொரு காரணம்.

தொலைபேசி நிலையத்திலிருந்து வந்த சட்டம்

இன்றைய ரேக் கணினித் துறையில் பிறந்ததன்று. தொலைதூர அழைப்புகளின் ஒலியை இடைவழியில் வலுவூட்டும் கருவிகளைப் பொருத்துவதற்காக, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி 1920களின் தொடக்கத்தில் 19 அங்குல அகலமுள்ள முகப்புத் தகட்டைப் பொது அளவாக வகுத்துக்கொண்டது. உயரம் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர் கொண்ட அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. இந்த அலகே இன்று 'யூ' என்று வழங்குகிறது. 42 யூ உயரமுள்ள ரேக்கின் பயன்படு உயரம் ஆறடிக்குச் சற்று மேல். தொலைபேசி, வானொலி, ஒலிப்பதிவு, ராணுவம் எனப் பல துறைகளைக் கடந்து இந்த அளவு கணினிக்கு வந்து சேர்ந்தது.

சட்டத்தோடு சேர்ந்து ஒரு கைத்தொழிலும் வந்தது. தொலைபேசி நிலையங்களில் நூற்றுக்கணக்கான வயர்களை மெழுகு பூசிய நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டினார்கள். ஆணி அடித்த பலகையில் வரைபடத்தின்படி வயர்களை வளைத்துப் போட்டு, ஒவ்வொரு வயரும் தான் சேர வேண்டிய முனைக்கு நேராகக் கட்டிலிருந்து வெளியே வருமாறு அமைப்பார்கள். நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற முடிச்சுகள் அவிழாதபடி ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியே இறுக்கப்பட்டது. பிற்காலத் தரவு மையக் கேபிள் ஒழுங்கின் பல வழக்கங்கள் இத்தொழிலாளர்களிடமிருந்து வந்தவை. கணினித் துறை அவர்களைப் பெரிதாக நினைவுகூர்வதில்லை.

பஸ் கேபிளும் டேக் கேபிளும்

ஐபிஎம் 1956-ல் வெளியிட்ட 305 ராமாக் கணினியின் வட்டு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அது சேமித்தது 50 லட்சம் எழுத்துகள். எடை ஒரு டன்னுக்கும் மேல். அந்த அலகு குறிப்பிட்ட ஒரு கணினியின் உறுப்பாகவே இருந்தது. எனவே சேமிப்பகத்தைக் கணினியுடன் இணைக்கும் கேபிள் என்பது தனிப் பொருளாக எழவில்லை.

1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசை அதை மாற்றியது. சிறியது முதல் பெரியது வரை அவ்வரிசைக் கணினிகள் அனைத்திற்கும் ஒரே வகை வெளி இணைப்பு வகுக்கப்பட்டது. ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு தடித்த கேபிள்கள் சென்றன. 'பஸ்' கேபிள் 8 பிட் தரவையும் ஒரு சரிபார்ப்பு பிட்டையும் இரு திசைகளிலும் கொண்டுசென்றது. 'டேக்' கேபிள் அத்தரவு முகவரியா, கட்டளையா, உள்ளடக்கமா என்பதைச் சொல்லும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகளைச் சுமந்தது. கணினியிலிருந்து புறப்பட்ட இந்த ஜோடி, வட்டு, காந்த நாடா, அச்சுப்பொறி ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து வெளியேறிச் சங்கிலியாக நீண்டது. ஒரு சங்கிலியில் அதிகபட்சம் 8 கட்டுப்பாட்டுப் பெட்டிகள், மொத்த நீளம் 200 அடி, இறுதிப் பெட்டியில் டெர்மினேட்டர். இவையே அடிப்படை விதிகள்.

சங்கிலியில் ஒரு பெட்டி நிற்கும் இடத்திற்குப் பொருள் இருந்தது. 'யார் பேச விரும்புகிறீர்கள்' என்று கேட்கும் சமிக்ஞை ஒவ்வொரு பெட்டியாகக் கடந்துபோகும். முதலில் பெற்றுக்கொள்ளும் பெட்டி முதலில் பேசும். ஆகவே கேபிளைப் போடும் பொறியாளரே, தெரிந்தோ தெரியாமலோ, கருவிகளின் முன்னுரிமையையும் நிர்ணயித்தார். நடுவில் உள்ள பெட்டியின் மின்சாரம் நிறுத்தப்பட்டால் அச்சமிக்ஞை அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மின்சாரம் இல்லாதபோது தானாக மூடி வழிவிடும் ரிலே ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கப்பட்டது. ஒரு கருவியின் பழுது மற்றவற்றை வீழ்த்தக் கூடாது என்ற எண்ணம் சேமிப்பகக் கேபிளில் தோன்றிய தொடக்ககால இடங்களுள் இது ஒன்று. ஆனால் கேபிளே கழன்றால் ரிலேயால் பயன் இல்லை. கழன்ற இடத்துக்கு அப்பால் உள்ள அனைத்தும் மறைந்துவிடும், டெர்மினேட்டர் இல்லாமல் போவதால் முன்னால் உள்ளவையும் தடுமாறும்.

எல்லாக் கணினிக்கும் ஒரே இணைப்பு என்பதற்கு ஐபிஎம் எதிர்பாராத ஒரு விளைவும் இருந்தது. அந்த இணைப்பின் விதிகளைப் பின்பற்றிய வேறு எவரும் தம் கருவியைச் செருக முடிந்தது. 1960களின் இறுதியிலிருந்து மெமோரெக்ஸ், டெலெக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஐபிஎம் கணினிகளில் நேரடியாகச் செருகக்கூடிய வட்டுகளையும் நாடாக் கருவிகளையும் விற்றன. இச்சந்தைப் போட்டி நீதிமன்றம் வரை சென்றது. டெலெக்ஸ் தொடுத்த வழக்கில் 1973-ல் ஐபிஎம்முக்கு எதிராக வந்த தீர்ப்பு 1975-ல் மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது.

உயர்தளத்துக்கு அடியில்

இந்தக் கேபிள்கள் ஓடிய இடம், கணினி அறையின் மெய்த்தரைக்கு மேல் கால்கள் வைத்துப் பலகைகளால் அமைக்கப்பட்ட உயர்தளத்தின் அடிப்பகுதி. குளிர்காற்றும் அதே வழியாகத்தான் அனுப்பப்பட்டது. ஒரே இடைவெளியைக் கேபிளுக்கும் காற்றுக்கும் பகிர்ந்தது பின்னர் பெரும் தொல்லையாயிற்று.

கேபிள்கள் குறிப்பிட்ட நீளங்களில் தயாரிக்கப்பட்டு வந்ததால், மிஞ்சிய நீளம் சுருட்டித் தரைக்கடியில் விடப்பட்டது. பழைய கருவி அகற்றப்படும்போது அதன் கேபிள் அகற்றப்படுவது அரிது. எது பயன்பாட்டில் உள்ளது, எது செத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாத நிலையில், தவறானதை இழுத்துவிட்டால் வங்கியின் கணக்கோ விமான முன்பதிவோ நின்றுவிடும். இழுக்காமல் விட்டால் அன்றைக்கு எவருக்கும் நட்டமில்லை. இப்படிப் பத்து, இருபது ஆண்டுகளின் கேபிள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து காற்றோட்டத்தை அடைத்தன. குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடியும் தூரத்து மூலையில் உள்ள வட்டு அலகுகள் சூடேறின.

வெப்பத்தைவிடப் பெரிய ஆபத்து தீ. 1975 பிப்ரவரி 27 அன்று நியூயார்க் நகரின் இரண்டாம் அவென்யூவில் உள்ள தொலைபேசி நிலையத்தின் கேபிள் நிலவறையில் பற்றிய தீ ஏறத்தாழ 1,70,000 தொலைபேசிகளை முடக்கியது. மூன்று வாரங்களுக்கு மேல் இரவும் பகலும் வேலை செய்தே இணைப்புகள் மீட்கப்பட்டன. எரிந்த பிவிசி உறைகளின் நச்சுப்புகை தீயணைப்பு வீரர்களின் உடல்நலத்தை நெடுங்காலம் பாதித்தது. அது கணினி அறையன்று. எனினும் கேபிள் உறையே எரிபொருள் என்பதை அது காட்டிற்று. அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின் 2002 பதிப்பில், கைக்கு எட்டும் இடங்களில் கைவிடப்பட்ட கேபிள்களை அகற்ற வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. யாரும் தொடத் துணியாத பழைய கேபிள்களை வெளியே எடுக்கச் செய்ததில் இவ்விதிக்குப் பங்கு உண்டு.

ஸ்கசியும் டெர்மினேட்டரும்

கண்ட்ரோல் டேட்டா நிறுவனம் 1970களில் கொண்டுவந்த எஸ்எம்டி வட்டு இணைப்பு, சங்கிலிக்கு ஒரு மாற்றை முன்வைத்தது. அதில் 60 வயர்கள் கொண்ட 'ஏ' கேபிள் கட்டளைகளுக்காக எல்லா வட்டுகளையும் சங்கிலியாகத் தொட்டுச் சென்றது. தரவுக்கான 26 வயர் 'பி' கேபிள் மட்டும் ஒவ்வொரு வட்டுக்கும் கண்ட்ரோலரிலிருந்து தனியாக வந்தது. ஷுகார்ட் டெக்னாலஜி 1980-ல் வெளியிட்ட 5 மெகாபைட் வட்டான எஸ்டி-506-ம் இதே கலப்பு முறையை 34, 20 பின்களுள்ள இரு கேபிள்களில் சிறிதாக்கிப் பின்பற்றியது.

1986-ல் அமெரிக்கத் தரநிலையான ஸ்கசி மீண்டும் முழுச் சங்கிலிக்குத் திரும்பியது. 50 வயர்கள் கொண்ட ஒரே கேபிளில் கண்ட்ரோலரையும் சேர்த்து 8 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஓர் எண். ரேக்கில் அடுக்கிய வட்டுப் பெட்டிகளை எந்த நிறுவனத்தின் சர்வருடனும் இணைக்கலாம் என்ற நிலை இதனால் பரவலாயிற்று.

அத்துடன் ஒரு தலைமுறைப் பொறியாளர்களின் தூக்கமும் போயிற்று. ஸ்கசி சங்கிலியின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் எங்கும் இருக்கக் கூடாது. சுவரில் கட்டிய கயிற்றை உதறினால் அலை சுவரில் மோதித் திரும்பி வருவதுபோல, சரியாக முடிக்கப்படாத கேபிள் முனையில் மின் சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பி அடுத்த சமிக்ஞையோடு மோதும். டெர்மினேட்டர் தவறிய சங்கிலி பல வேளைகளில் உடனே நின்றுவிடுவதில்லை. வாரக்கணக்கில் ஓடிவிட்டு, வேலைப்பளு கூடும் நாளில் பிழை காட்டும். பழி வட்டின் மேல் விழும். புதிய வட்டு வரும், பிழை தொடரும்.

நீளமும் அப்படித்தான். முதல் ஸ்கசியில் ஒற்றை முனை மின்சுற்றுக்கு 6 மீட்டர் அனுமதிக்கப்பட்டது. வேகம் இரட்டிப்பானபோது அது 3 மீட்டராகச் சுருங்கியது. பெட்டிகளுக்கு வெளியே தெரியும் கேபிளோடு, பெட்டிக்குள்ளே மடிந்து கிடக்கும் தட்டைக் கேபிளின் நீளமும் இக்கணக்கில் சேரும். பலர் மறந்தது இதைத்தான். இடைவெளி கூடிய ரேக்குகளுக்காக 25 மீட்டர் வரை செல்லும் உயர் மின்னழுத்த வேறுபாட்டு முறை இருந்தது. பின்னர் 12 மீட்டர் எல்லையுள்ள தாழ் மின்னழுத்த முறை வந்தது. இவற்றின் கனெக்டர்கள் பார்வைக்கு ஒன்றே. அடையாளம் ஒரு சிறு சின்னம் மட்டுமே. உயர் மின்னழுத்தச் சங்கிலியில் மற்ற வகைக் கருவியைச் செருகினால் அதன் மின்சுற்று சேதமாகக்கூடும். ஒன்றுக்கொன்று பொருந்தாத மின்சுற்றுகளுக்கு ஒரே வடிவ வாயை அனுமதித்தது அத்தரநிலையின் மிகப் பெரிய குறை என்று சொல்லலாம்.

ரெய்டும் கேபிளின் கணக்கும்

1988-ல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ரெய்டு கட்டுரையை வெளியிட்டனர். விலை உயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறு வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்டெடுக்கும் முறை அது. இக்கட்டுரை பரவலாகப் பேசப்படுகிறது. அதைத் தொடர்ந்து 1989-ல் இதே குழுவினர் ரெய்டின் நம்பகத்தன்மையைப் பற்றி எழுதிய கட்டுரை அவ்வளவு பேசப்படுவதில்லை. கேபிள் வரலாற்றுக்கு முக்கியமானது இரண்டாவதுதான்.

வட்டு மட்டுமே பழுதாகும் என்று வைத்துக்கொண்டால் ரெய்டின் கணக்கு மிக நன்றாக வரும். ஆனால் வட்டுக்கு மின்சாரம் தரும் பெட்டியும், கண்ட்ரோலரும், கேபிளும் பழுதாகும். ஒரு ரெய்டு குழுவின் ஐந்து வட்டுகளும் ஒரே கேபிளில் தொங்கினால், அக்கேபிள் கழன்ற நொடியில் ஐந்தும் ஒன்றாக மறையும். ஒரு வட்டின் இழப்பைத் தாங்க வடிவமைக்கப்பட்ட குழுவுக்கு ஐந்தின் இழப்பு மரணமே. இதற்கு அவர்கள் சொன்ன வழி எளிது. வட்டுகளைக் கட்டம் போட்ட தாளைப்போல அடுக்க வேண்டும். கேபிள்கள் கிடைவரிசையில் ஓடினால் ரெய்டு குழுக்கள் நெடுவரிசையில் அமைய வேண்டும். அப்போது எந்தக் கேபிள் போனாலும் ஒவ்வொரு குழுவும் இழப்பது ஒரே ஒரு வட்டைத்தான். வட்டுப் பெட்டிகளின் கேபிள் வரைபடமும் ரெய்டு குழுக்களின் பட்டியலும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியவை என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. நடைமுறையில் ஒன்றை ஒருவரும் மற்றொன்றை வேறொருவரும் செய்யும் இடங்களில் இந்த நன்மை எளிதில் கைநழுவும்.

ஒளியிழை, வளையம், ஸ்விட்ச்

ஐபிஎம் 1990-ல் அறிமுகப்படுத்திய எஸ்கான், பஸ்-டேக் ஜோடிக்குப் பதிலாக மெல்லிய ஒளியிழையைக் கொண்டுவந்தது. சில நூறு அடிக்குள் அடங்கியிருந்த வட்டுகள் 3 கிலோமீட்டர் தள்ளி, வேறு கட்டடத்தில் இருக்க முடிந்தது. சங்கிலி போய், நடுவே ஒரு ஸ்விட்ச் கருவி வந்தது. உயர்தளத்தைத் தூக்கிப் பழைய கேபிளைச் சுமந்தவர்களுக்கு எடை குறைந்ததே பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

சிறு சர்வர்களின் உலகில் இதே மாற்றத்தை ஃபைபர் சேனல் செய்தது. 1988-ல் தொடங்கிய தரநிலைப் பணி 1994-ல் ஒப்புதல் பெற்றது. முதலில் பரவியது அதன் வளைய வடிவம். 126 கருவிகள் வரை ஒரே வட்டமாக இணைந்து, தரவு ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிச் சென்றது. ஸ்விட்ச் விலை அதிகமாக இருந்த காலத்தில் வளையம் மலிவான வழி. ஆனால் வளையத்தின் ஓரிடம் அறுந்தால் வட்டமே அறும். அறுந்த இடத்தைத் தானாகத் தாண்டிச் செல்லும் மின்சுற்றுகள் ஹப்களிலும் வட்டுப் பெட்டிகளிலும் சேர்க்கப்பட்டன. புதிய கருவியைச் செருகும்போதெல்லாம் வளையம் முழுவதும் ஒரு கணம் நின்று முகவரிகளை மறுபடி வகுத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் ஒரு பெட்டியின் கேபிளைத் தளர்வாகச் செருகியிருந்தால், அது தொட்டும் விட்டும் ஆட, தொடர்பே இல்லாத மற்றொரு சர்வரின் வேலை திணறும்.

தீர்வு இரு திசைகளில் வந்தது. ஒன்று, ஸ்விட்ச் மலிவாகி வளையத்தை ஓரங்கட்டியது. மற்றொன்று, வட்டுகளே இரண்டு போர்ட்டுகளுடன் வந்தன. ஒவ்வொரு வட்டும் 'ஏ', 'பி' என இரண்டு தனி வழிகளில் எட்டக்கூடியதாயிற்று. சர்வரிலிருந்து புறப்படும் இரண்டு கேபிள்கள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு ஸ்விட்சுகளுக்குச் சென்றன. இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது என்பது சேமிப்பகப் பொறியாளர்களின் முதல் பாடமாக நிலைத்தது.

மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று

2004-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த சாஸ், ஸ்கசியின் கட்டளை மொழியை வைத்துக்கொண்டு அதன் தட்டைக் கேபிளையும் டெர்மினேட்டரையும் எண் அமைப்பையும் விட்டொழித்தது. ஒரே கனெக்டரில் நான்கு தடங்கள் செல்லும். வெளிக்கேபிளின் நீளம் சில மீட்டர்களே என்பதால், அது பெரும்பாலும் ஒரு ரேக்குக்குள் அல்லது அடுத்த ரேக்குக்கு மட்டும் செல்லும் கேபிள். ரேக்கில் வட்டுப் பெட்டி அடுக்கும் முறை இங்குதான் முழு வடிவம் பெற்றது.

சாஸ் வட்டுப் பெட்டியின் பின்புறத்தில் இரண்டு இணைப்பு மாட்யூல்கள் இருக்கும். பெட்டியிலுள்ள எல்லா வட்டுகளையும் இரண்டு மாட்யூல்களாலும் எட்ட முடியும். மூன்று பெட்டிகளை இரண்டு கண்ட்ரோலர்களுடன் இணைக்க வேண்டும் என்று கொள்வோம். முதல் கண்ட்ரோலரின் கேபிள் மேல் பெட்டியில் தொடங்கி, நடுப் பெட்டி வழியாகக் கீழ்ப் பெட்டிக்குப் போகும். இரண்டாவது கண்ட்ரோலரின் கேபிளையும் அதே வரிசையில் போடுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அழகாகவும் இருக்கும். ஆனால் நடுப் பெட்டி முழுவதும் செயலிழந்தால், அல்லது பழுதுபார்க்க வெளியே எடுக்கப்பட்டால், இரண்டு வழிகளும் அங்கேயே அறுந்து, பழுதே இல்லாத கீழ்ப் பெட்டியும் மறைந்துவிடும்.

எனவே இரண்டாவது கேபிள் கீழ்ப் பெட்டியில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். அப்போது நடுப் பெட்டி போனாலும் மேல் பெட்டியை முதல் வழியிலும், கீழ்ப் பெட்டியை இரண்டாவது வழியிலும் எட்டலாம். இதற்குச் செலவு என்று பார்த்தால் சற்று நீளமான ஒரு கேபிள் மட்டுமே. பெர்க்லி குழுவின் கட்டத்தாள் கணக்கும் இங்கே வந்து சேர்கிறது. ரெய்டு குழுவின் வட்டுகள் மூன்று பெட்டிகளிலும் பரவியிருந்து, ஒரு பெட்டியில் உள்ள வட்டுகளின் எண்ணிக்கை குழு தாங்கக்கூடிய இழப்புக்குள் இருந்தால், நடுப் பெட்டி போனபோதும் தரவு கிடைத்துக்கொண்டிருக்கும்.

தவறான வரிசையில் போட்டாலும் எல்லா விளக்குகளும் பச்சையாகவே எரியும் என்பதுதான் இதன் சிக்கல். எல்லா வட்டுகளும் தெரியும், வேகமும் குறையாது. பிழை வெளிப்படும் நாள், முதல் பெட்டி பழுதாகும் நாள். நிறுவிய உடனேயே, தரவு ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு கேபிளாகக் கழற்றியும் ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தியும் பார்க்கும் வழக்கம் இதற்காகவே.

நூல், பிளாஸ்டிக் டை, வெல்க்ரோ

மெழுகு நூலின் இடத்தைப் பிடித்த பிளாஸ்டிக் டை விமானத் தொழிலிலிருந்து வந்தது. விமானத்தின் வயர்களை நூலால் கட்டித் தொழிலாளர்களின் விரல்கள் புண்ணாவதைக் கண்ட மௌரஸ் லோகன், தாமஸ் அண்டு பெட்ஸ் நிறுவனத்துக்காக 1958-ல் இதை உருவாக்கினார். மலிவு, விரைவு, ஒரே இழுப்பு. ஆனால் விமானத்துக்குப் பொருந்தியது வட்டு ரேக்குக்குப் பொருந்தவில்லை. விமானத்தின் வயர் அடிக்கடி மாற்றப்படுவதில்லை. ரேக்கின் கேபிள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டையைக் கத்தரிக்க வேண்டும். கத்தரிக்கும் கை பக்கத்துக் கேபிளையும் காயப்படுத்தலாம். மிக இறுக்கிக் கட்டினால் முறுக்கிய செம்பு ஜோடிகளின் வடிவம் நசுங்கிச் சமிக்ஞை கெடும். ஒளியிழையில் அழுத்தப்பட்ட இடத்தில் நுண்வளைவு தோன்றி ஒளி கசியும்.

சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், நாயின் ரோமத்தில் ஒட்டிய விதைகளைப் பார்த்து உருவாக்கி 1950களில் காப்புரிமை பெற்ற வெல்க்ரோ பட்டை, தரவு மையங்களில் டையை மெல்ல அகற்றியது. கையால் பிரித்து மீண்டும் ஒட்டலாம், நசுக்காது. வளைவுக்கும் அளவு உண்டு. ஒளியிழைக் கேபிளை அதன் விட்டத்தின் பத்து மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. ரேக்கின் கதவு மூடும்போது கனெக்டருக்குப் பின்னால் கேபிள் மடங்குவது, இவ்விதி மீறப்படும் வழக்கமான இடம்.

சர்வரைத் தண்டவாளத்தில் முன்னே இழுக்கும்போது கேபிளும் மடங்கி நீண்டு கூடவே வரும் கைகள் ஒரு காலத்தில் பல சர்வர்களின் பின்னால் இருந்தன. அவை சூடான காற்று வெளியேறும் வழியை அடைத்ததால் பலர் கழற்றிவிட்டனர். 4 அல்லது 5 யூ உயரத்தில் 60, 84 வட்டுகளை மேசை இழுப்பறைபோல அடைத்த பெட்டிகளில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. நிரம்பிய நிலையில் 100 கிலோவைத் தாண்டும் அவற்றில் ஒரு வட்டை மாற்ற, இயங்கிக்கொண்டிருக்கும் இழுப்பறையை வெளியே இழுக்க வேண்டும். உள்ளே மடங்கி விரியும் கேபிள் ஒவ்வொரு முறையும் அறுபடாமல் தாங்க வேண்டும். பெட்டியின் வடிவமைப்பே இங்கு கேபிளைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

லேபிள்

அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கம் கட்டடக் கேபிள்களுக்கான பொதுத் தரநிலையை 1991-லும், கேபிள்களைப் பெயரிட்டுப் பதிவு வைக்கும் முறைக்கான டிஐஏ-606 தரநிலையை 1993-லும், தரவு மையங்களுக்கான டிஐஏ-942-ஐ 2005-லும் வெளியிட்டது. 606-ன் சாரம் இதுதான்: ஒவ்வொரு கேபிளுக்கும் வேறெதற்கும் இல்லாத ஒரு பெயர், அப்பெயர் இரு முனைகளிலும், அதே பெயரில் ஒரு பதிவு. ஒளியிழையின் உறை நிறங்களுக்கும் மரபு உருவாயிற்று. ஒற்றைமுறை இழைக்கு மஞ்சள், பழைய பன்முறை இழைக்கு ஆரஞ்சு, புதியதற்கு வெளிர்நீலப் பச்சை. செம்புச் சேமிப்பகக் கேபிளுக்கு அப்படிப் பொது நிறம் எதுவும் நிலைபெறவில்லை. பல நிறுவல்களில் 'ஏ' வழிக்கு ஒரு நிறம், 'பி' வழிக்கு வேறு நிறம், ஒன்று ரேக்கின் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்று தாமே வகுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வழிகளையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பக்கத்தில் இறக்கினால், ஒரு கதவிடுக்கு இரண்டையும் நசுக்கிவிடும்.

இரட்டை வழி வந்த பிறகு லேபிளின் முக்கியத்துவம் குறையவில்லை, கூடிற்று. 'ஏ' வழியின் மாட்யூல் பழுதாகிவிட்டது, வட்டுகள் 'பி' வழியில் ஓடிக்கொண்டிருக்கின்றன, பழுதுபார்ப்பவர் ரேக்கின் பின்னால் வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் கைவைக்கும் கேபிள் 'பி'-யாக இருந்தால், இரண்டு வழி அமைப்புக்காகச் செலவிட்டதெல்லாம் வீண். ரேக்கின் பின்புறம் நின்றால் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பதால், 'இடப்பக்க மாட்யூல்' என்று தொலைபேசியில் சொல்வது போதாது. மாட்யூலில் அடையாள விளக்கை மினுக்கச் செய்யும் வசதி இதற்காகவே பெட்டிகளில் சேர்ந்தது. விளக்கு பெட்டியைக் காட்டும். அதிலிருந்து புறப்படும் கேபிளின் மறுமுனை எங்கே என்பதை லேபிள்தான் காட்டும்.

கேபிளே இல்லாத பெட்டி

கேபிளை ஒழுங்குபடுத்துவதைவிட ஒழித்துவிடுவது மேல் என்ற எண்ணமும் தொடர்ந்து வந்துள்ளது. சன் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட எக்ஸ்4500 சர்வரில், 4 யூ உயரத்துக்குள் 48 வட்டுகள் மேலிருந்து கீழாக நேரடியாகச் சுற்றுப்பலகையில் செருகப்பட்டன. வட்டுக்குக் கேபிளே இல்லை. 2009-ல் பேக்பிளேஸ் நிறுவனம் தன் சிவப்பு நிறச் சேமிப்புப் பெட்டியின் வரைபடங்களை எல்லாருக்கும் திறந்து வெளியிட்டது. அதில் 45 வட்டுகள், 67 டெராபைட், பொருட்செலவு 7,867 டாலர். ஐந்து வட்டுகளுக்கு ஒன்றாக ஒன்பது சிறு சுற்றுப்பலகைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு சாட்டா கேபிள். இரட்டை வழி எதுவும் கிடையாது. பிற்காலத்தில் அந்நிறுவனம் ஒவ்வொரு கோப்பையும் 20 பெட்டிகளில் பரப்பி வைத்தது. கேபிள் போகட்டும், பெட்டியே போகட்டும், மற்றவை போதும் என்பது அம்முறையின் துணிவு. பெரிய மேகக் கணிமை நிறுவனங்கள் பலவும் பாதுகாப்பை இப்படி மென்பொருளுக்கு மாற்றியுள்ளன.

ஐஸ்கசி 2004-ல் தரநிலையானதும், ஃபேப்ரிக் வழி என்விஎம்இ 2016-ல் வந்ததும், சேமிப்பகத் தரவைச் சாதாரண ஈதர்நெட் கேபிளிலும் செலுத்த வழி செய்தன. இதனால் ரேக்கின் பின்னால் சேமிப்பகத்துக்கென்று தனி வடிவக் கேபிள் இல்லாமல் போகும் இடங்கள் பெருகியுள்ளன. வலையமைப்புக் கேபிளும் வட்டுக் கேபிளும் ஒரே நிறத்தில், ஒரே கனெக்டருடன், ஒரே ஸ்விட்சின் அடுத்தடுத்த போர்ட்டுகளில் செருகப்படுகின்றன. கழன்றால் தொடர்பு மட்டும் அறும் கேபிள் எது, எழுதப்படும் தரவு பாதியில் நிற்கும் கேபிள் எது என்று வடிவத்தைப் பார்த்துச் சொல்ல இப்போது முடிவதில்லை.